ஓரியோல்ஸின் இளம் பட்டாளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018-ல் 115 ஆட்டங்களில் தோற்றது. 2023-ல் 101 ஆட்டங்களில் ஜெயித்தது. 2025-ல் மறுபடியும் தன் பிரிவில் கடைசி இடம். இந்த அணியின் ரசிகர்கள் எங்கே கூடினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: வளர்த்த இளம் பையன்களை வைத்துக்கொள்வதா, விற்பதா? பல வருடமாகப் பார்ப்பவர்களும், கிரிக்கெட்டில் ஊறி இப்போதுதான் பேஸ்பால் பக்கம் எட்டிப்பார்ப்பவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில். 2025 சீசன் முடிவு வரையிலான நிலவரம் இது.

ப்ராஸ்பெக்ட் என்று யாரைச் சொல்கிறார்கள்?

அணியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, இன்னும் மேஜர் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டத்தில்) காலூன்றாத இளைஞர்களை. பெரும்பாலும் 17 வயதிலிருந்து 24, 25 வரை. டிராஃப்டில் (புதியவர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நிகழ்வில்) எடுத்தவுடன் நேராகப் பெரிய மைதானத்துக்கு வருவது மிக அபூர்வம். மைனர் லீகில் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏறி வரவேண்டும். ஓரியோல்ஸுக்கு 2025 வரை டெல்மார்வாவில் தொடங்கி அபர்டீன், போவி வழியாக நார்ஃபோக்கில் முடிந்த பாதை அது. பல பேர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள்.

மேஜர் லீகில் 130 முறைக்கு மேல் பேட் செய்தாலோ, 50 இன்னிங்ஸுக்கு மேல் பந்து வீசினாலோ அதற்குப் பிறகு அவர் புதுமுகம் இல்லை. இந்த எண் கீழே ஓரிடத்தில் முக்கியமாக வரும்.

டிராஃப்டும் ஐபிஎல் ஏலமும் ஒன்றா?

இல்லை. ஐபிஎல்லில் பணம் இருப்பவர் ஆளைத் தூக்கலாம். டிராஃப்டில் வரிசைதான் எல்லாம்; முன்வரிசை தோற்றவர்களுக்கு. பள்ளி, கல்லூரி முடித்த பையன்களை ஒவ்வொரு அணியும் முறை வைத்து எடுக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு போனஸ் மதிப்பு குறித்திருப்பார்கள். முதல் பத்துச் சுற்றுகளின் மதிப்பைக் கூட்டினால் வருவதுதான் அணியின் மொத்தப் பை. முதல் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தைப் பின்சுற்றில் வேறொருவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம்.

ஓரியோல்ஸ் 2020-ல் இதைத்தான் செய்தது. இரண்டாவது இடத்தின் மதிப்பு 77.9 லட்சம் டாலர். ஹெஸ்டன் கியர்ஸ்டடை 52 லட்சத்துக்கு முடித்தார்கள். மிச்சப்பட்டதில் நான்காவது சுற்றில் கோபி மேயோ என்ற பள்ளிப் பையனுக்கு 17.5 லட்சம் கொடுத்து, கல்லூரிக்குப் போகாமல் பிடித்து வைத்தார்கள். கியர்ஸ்டடுக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி வந்து, 2021 முடியும்வரை ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அது யார் கணக்கிலும் வராத துரதிர்ஷ்டம். அதை வைத்துக்கொண்டு அந்தத் தேர்வைத் திட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அப்படியானால் 2018-க்குப் பிறகு வேண்டுமென்றே தோற்றார்களா?

களத்தில் ஆடியவர்கள் யாரும் வேண்டுமென்று தோற்கவில்லை. ஆனால் ஜெயிக்கிற அணியைக் கட்ட நிர்வாகம் பணம் செலவழிக்கவில்லை என்பது உண்மை. 2018 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸிலிருந்து மைக் இலாயஸ் பொது மேலாளராக வந்தார். முன்பு நாசாவில் பொறியாளராக இருந்த சிக் மைடாலையும் கூடவே அழைத்து வந்தார். ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை மூன்று வருடமும் நூற்றுக்கு மேல் தோற்று, 2017-ல் கோப்பை வாங்கிய அணி. அதே சமையல் குறிப்பைத்தான் பால்டிமோரில் அடுப்பேற்றினார்கள். 2019-ல் 108 தோல்வி. 2021-ல் 110 தோல்வி. அதில் ஆகஸ்டில் தொடர்ச்சியாக 19.

பார்க்கிறவர்களுக்கு அது கொடுமையான காலம். சென்னையில் விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, ஐந்தாவது இன்னிங்ஸிலேயே 8-1 என்று பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு படுப்பவனுக்கு ‘பொறுமையாக இருங்கள், திட்டம் இருக்கிறது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அந்தத் தோல்விகளால் யார் யார் கிடைத்தார்கள்?

2019-ல் முதல் இடத்தில் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) அட்லி ரட்ச்மன். போனஸ் 81 லட்சம் டாலர், அன்றைக்கு அது சாதனை. அதே டிராஃப்டில் 42-வது இடத்தில் அலபாமாவைச் சேர்ந்த பள்ளிப் பையன் கன்னர் ஹெண்டர்சன். 2020-ல் 30-வது இடத்தில் ஜோர்டன் வெஸ்ட்பர்க். 2021-ல் கோல்டன் கௌசர். 2022-ல் மறுபடி முதல் இடம். முன்னாள் நட்சத்திரம் மேட் ஹாலிடேயின் மகன் ஜாக்சன் ஹாலிடே.

இதில் கவனிக்க வேண்டியது ஹெண்டர்சன். முதல் இடத்தில் ரட்ச்மனை யார் வேண்டுமானாலும் எடுத்திருப்பார்கள். 42-வது இடத்தில் ஹெண்டர்சனைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு 100 ஆட்டம் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த அணியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் முதல் சுற்றில்கூட வரவில்லை என்பதை ‘தோற்றால்தான் வளர முடியும்’ என்று வாதிடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகையின் சீசன் தொடக்கப் பட்டியலில் 2022-ல் ரட்ச்மன், 2023-ல் ஹெண்டர்சன், 2024-ல் ஹாலிடே என்று மூன்று வருடம் தொடர்ந்து நாட்டிலேயே முதல் ப்ராஸ்பெக்ட் ஓரியோல்ஸ்காரர்தான்.

அவர்கள் வந்ததும் உண்மையிலேயே அணி மாறியதா?

மாறியது. 2022 மே 21, டாம்பா பே ரேஸோடு ஆட்டம். கேட்சருக்கான கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு வந்த ரட்ச்மன், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருவதற்கு முன் நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி அரங்கம் முழுவதையும் பார்த்தார். கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் அடித்த முதல் ஹிட்டே டிரிபிள் (ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓடுவது). அதே வருடம் ஆகஸ்ட் 31-ல் கிளீவ்லாந்தில் ஹெண்டர்சன் அறிமுகமானார். அவர் சுழற்றிய வேகத்தில் தலைக்கவசம் கழன்று விழ, பந்து மதில் தாண்டிப் போனது.

2022 மே நடுவிலிருந்து 2024 மே வரை சீசன் ஆட்டங்களில் எந்த அணியாலும் ஓரியோல்ஸை ஒரு தொடரில் மொத்தமாகத் துடைத்தெறிய முடியவில்லை. 2021-ல் 52 வெற்றி, அடுத்த வருடம் 83, அதற்கடுத்து 101. இந்த அணி நூறைத் தொட்டது 1980-க்குப் பிறகு அப்போதுதான்.

20-80 மதிப்பெண் என்று எழுதுகிறார்களே, அது என்ன?

ஸ்கவுட்டுகளின் (இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்களின்) அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 80 அபூர்வம், 20 ஆகவே ஆகாது. அடிக்கும் திறன், பலம், ஓட்டம், எறிகை, தடுப்பு என்று தனித்தனியாகப் போடுவார்கள். ஒரு பையனுக்கு 55 போட்டிருந்தால் ரசிகர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். 55 என்பது பத்து வருடம் மேஜர் லீகில் பிழைக்கக்கூடிய மதிப்பெண், ஐயா.

இவ்வளவு பையன்கள் இருந்தும் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) ஏன் இல்லை?

இதுதான் மையமான கேள்வி. என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் குழப்பமும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

2019 முதல் 2025 வரை இலாயஸ் நடத்திய டிராஃப்ட் ஏழு. ஏழிலும் முதல் ஆளாக எடுத்தது பேட்டரைத்தான். இதற்கு ஒரு பழைய சூடு காரணமாக இருக்கலாம். அவர் ஆஸ்ட்ரோஸில் டிராஃப்ட் தேடலுக்குத் தலைமை வகித்தபோது 2013-ல் முதல் ஆளாக மார்க் அப்பெல், 2014-ல் முதல் ஆளாக பிராடி ஐக்கன் என்று இரண்டு பிட்சர்களை எடுத்தார்கள். அப்பெல் ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை. 2022-ல் பிலடெல்பியாவுக்காகச் சில ஆட்டங்கள் ஆடியதோடு சரி. ஐக்கனின் முழங்கையைப் பார்த்த மருத்துவ அறிக்கையால் பேரம் முறிந்து ஒப்பந்தமே ஆகவில்லை. 2013-ல் அப்பெலுக்கு அடுத்து இரண்டாவதாகப் போனவர் யார் தெரியுமா? பேட்டர் கிரிஸ் பிரையன்ட். மூன்றே வருடத்தில் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கினார்.

ஆக, ‘பிட்சரின் கை எப்போது வேண்டுமானாலும் போகும், பேட்டர் நம்பகமானவர், பேட்டரை வளர்த்து, பிட்சரை வாங்கிக்கொள்ளலாம்’ என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. பால்டிமோரிலேயே ஜான் மீன்ஸ், ஃபெலிக்ஸ் பாட்டிஸ்டா, கைல் பிராடிஷ் என்று வரிசையாக முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். முந்தைய நிர்வாகம் 2018-ல் எடுத்த கிரேசன் ராட்ரிகஸ் 2025-ல் ஒரு ஆட்டம்கூட வீசவில்லை.

தப்பு எங்கே என்றால், கணக்கின் இரண்டாம் பாதியைச் செய்யாமல் விட்டதில். வாங்க வேண்டிய நேரத்தில் வாங்கவில்லை. 2024 முடிந்ததும் அணியின் முதன்மைப் பிட்சர் கார்பின் பர்ன்ஸ் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தை நிரப்ப வந்தது 41 வயது சார்லி மார்ட்டன், 35 வயது டோமோயுகி சுகானோ. இரண்டும் ஒரு வருட ஒப்பந்தம். மார்ட்டன் முதல் ஏழு தோல்விக்குப் பிறகுதான் ஒரு வெற்றி பார்த்தார்.

பர்ன்ஸுக்கு 21 கோடி டாலர் கொடுத்திருக்க வேண்டுமா?

ஆறு வருடத்துக்கு அதுதான் அரிசோனா கொடுத்த தொகை. 2025 ஜூனிலேயே அவருக்கு முழங்கை அறுவை சிகிச்சை ஆனது. ‘பார்த்தாயா, இலாயஸ் சொன்னது சரி’ என்று ஒரு கூட்டம் குதித்தது. பர்ன்ஸ் போனதற்காக ஒரு கூடுதல் டிராஃப்ட் இடம் கிடைத்ததும் உண்மை. ஆனால் அவரை விட்டது சரி என்பதும், அவருக்குப் பதில் யாரையும் பிடிக்காதது சரி என்பதும் ஒன்றல்ல.

ப்ராஸ்பெக்டுகளை விற்று ஆள் வாங்கியதில் லாபமா, நஷ்டமா?

மூன்று பேரத்தைப் பாருங்கள்.

2018 ஜூலையில் அணியின் நட்சத்திரம் மேனி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கினார்கள். தலைமகன் யுஸ்னியல் டியாஸ். சில நாள் முன்புதான் இளம் வீரர்களின் ஃப்யூச்சர்ஸ் ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தார். மேஜர் லீகில் அவர் ஆடியது ஒரே ஆட்டம். ஐவரில் நிலைத்து நின்றவர் அப்போது பெரிதாக யாரும் பேசாத பிட்சர் டீன் கிரேமர்.

2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால், ஒரு டிராஃப்ட் இடம் கொடுத்து பர்ன்ஸை வாங்கினார்கள். ஒரு வருடம்தான் இருந்தார், ஆனால் பிரமாதமாக வீசினார். கொடுத்த விலை நியாயம்.

2024 ஜூலையில் கைல் ஸ்டவர்ஸையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து டிரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். ராஜர்ஸ் நான்கு ஆட்டம் சொதப்பி டிரிபிள் ஏவுக்கு இறக்கப்பட்டார். ரசிகர்கள் இலாயஸைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2025-ல் ஸ்டவர்ஸ் ஆல்-ஸ்டார், 25 ஹோம் ரன். கிழிப்பு இரண்டு மடங்கானது. அதே 2025-ல் ராஜர்ஸ் 18 ஆட்டங்களில் 1.81 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி; குறைந்தால் நல்லது) வைத்து, அந்த வருடத்தின் ஒரே நல்ல செய்தியானார். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள்.

பேரம் முடிந்த மறுநாளே தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதைவிட இதில் எனக்குத் தெரிவது வேறு. ஸ்டவர்ஸுக்கு பால்டிமோரில் தொடர்ந்து ஆட இடமே கிடைக்கவில்லை. ஒரே இடத்துக்கு நாலு பேர் வரிசையில் நின்றால், மூன்று பேர் வயதாகி மதிப்பிழப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டே இருப்பதும் ஒரு நஷ்டம்தான். சீக்கிரமே, விலை இருக்கும்போதே, இன்னும் தைரியமாக விற்றிருக்க வேண்டும்.

ட்ரே மான்சினியை ஏன் விற்றார்கள்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பலருக்கு ஆறாது. 2020-ல் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்டு 2021-ல் திரும்பி வந்த மனிதர். 2022 ஜூலை 28, சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம் அதுவாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு சந்தேகம். அவர் தூக்கி அடித்த பந்தை ரேஸின் ஜோஷ் லோ வெயிலில் தவறவிட்டார். பந்து அவர் முகத்தில் பட்டுத் தெறித்து உருண்டது. மான்சினி நிற்காமல் எல்லா பேஸையும் சுற்றி ஓடி ஹோம் பிளேட் சேர்ந்தார். நான்கு நாளில் ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள், அதுவும் அணி பிளேஆஃப் வாய்ப்பில் இருந்தபோது. அந்த வருடம் ஹூஸ்டன் கோப்பை வாங்கியது என்பது ஒரு ஆறுதல். எதிர்காலம், எதிர்காலம் என்று சொல்லி நிகழ்காலத்தை விற்பதற்கும் ஒரு எல்லை உண்டு. அன்றைக்கு அதைத் தாண்டினார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

‘சர்வீஸ் டைம்’ பற்றிச் சண்டை ஏன்?

மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருடமாகக் கணக்கு. ஆறு வருடம் முடிந்தால் வீரர் சுதந்திரமானவர், எந்த அணிக்கும் போகலாம். முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-ல் அது 7.6 லட்சம் டாலர். அதனால் பையனை இரண்டு வாரம் தாமதமாகக் கூப்பிட்டால் அணிக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். 2015-ல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்டை அப்படித்தான் நிறுத்தி வைத்தது.

லீக் நிர்வாகமும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு மருந்து வைத்தார்கள். புதுமுக விருதில் முதல் இரண்டு இடம் பிடித்தால் முழு வருடமும் வீரர் கணக்கில் சேரும். ரட்ச்மன் 2022-ல் இரண்டாம் இடம் பிடித்து அப்படி ஒரு வருடம் சம்பாதித்தார். அணிக்கும் ஒரு பரிசு உண்டு: முதல் நாளிலிருந்தே ஆடவிட்ட புதுமுகம் விருது வாங்கினால் ஒரு கூடுதல் டிராஃப்ட் இடம். ஹெண்டர்சன் 2022-ல் 116 முறை மட்டுமே பேட் செய்திருந்ததால் 2023-லும் புதுமுகம்தான். ஒருமனதாக விருது வாங்கினார். அந்த இடத்தில்தான் 2024 டிராஃப்டில் 32-வதாக கிரிஃப் ஓஃபெரலை எடுத்தார்கள்.

ஹாலிடே முதலில் ஏன் அப்படித் தடுமாறினார்?

இருபது வயது. 2024 ஏப்ரலில் வந்தார், 34 முறை பேட் செய்து 2 ஹிட், திரும்ப நார்ஃபோக். ஜூலை 31-ல் மறுபடி வந்து டொரான்டோவுக்கு எதிராக கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்). பந்து மைதானத்தை ஒட்டிய யூட்டா தெருவில் போய் விழுந்தது. டிரிபிள் ஏ பிட்சருக்கும் மேஜர் லீக் பிட்சருக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் சமீபத்தில் இன்னும் ஆழமாகியிருக்கிறது. முதல் இருபது ஆட்டத்தை வைத்து யாரையும் கழித்துக் கட்டவேண்டாம்.

நல்ல அணியாக இருந்தும் பிளேஆஃபில் ஏன் சுருண்டார்கள்?

2023-ல் டெக்சாஸிடம் 3-0 தோல்வி. 2024-ல் கான்சாஸ் சிட்டியிடம் 2-0 தோல்வி. முதல் ஆட்டத்தில் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் கொடுத்தார், அதிலும் தோல்வி, 1-0. இரண்டு நாளில் மொத்தம் ஒரு ரன்தான் எடுத்தார்கள். 2014-லிருந்து கூட்டினால் பிளேஆஃபில் தொடர்ந்து பத்துத் தோல்வி. ஐந்து ஆட்டத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்பதுதான் நேர்மையான பதில். 2023-ல் மட்டும், தேர்ந்த இன்னொரு பிட்சர் இருந்திருந்தால் என்ற நினைப்பைத் தவிர்க்க முடியவில்லை.

2025 ஏன் இவ்வளவு மோசம்?

பிட்சர்கள் இல்லை, காயம், அப்புறம் இளைஞர்கள் நினைத்தபடி வளரவில்லை. ரட்ச்மனின் பேட்டிங் சராசரி 90 ஆட்டத்தில் .220. 15 வெற்றி, 28 தோல்வி என்று கிடந்தபோது மே 17-ல் மேலாளர் பிராண்டன் ஹைடை நீக்கினார்கள். முடிவில் 75 வெற்றி, 87 தோல்வி. வளர்ச்சி என்பது ஏணி மாதிரி மேலேயே போகும் என்று நிர்வாகமும் நம்பியது, நாமும் நம்பினோம்.

ரட்ச்மனும் ஹெண்டர்சனும் தங்குவார்களா?

ரட்ச்மன் 2027 சீசனுக்குப் பிறகு, ஹெண்டர்சன் 2028-க்குப் பிறகு விடுதலை. ஹெண்டர்சனுக்கு முகவர் ஸ்காட் போராஸ்; அவர் ஆட்களைச் சந்தைக்குக் கொண்டுபோய் நிறுத்தாமல் முன்கூட்டியே கையெழுத்துப் போடவிடுவது அரிது. 2024-ல் அணியை வாங்கிய டேவிட் ரூபன்ஸ்டீனிடம் பணம் இருக்கிறது. இருவரில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்றால் நான் ஹெண்டர்சன் பக்கம். 2024-ல் 37 ஹோம் ரன் அடித்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நின்று தடுப்பவர்) அடிக்கடி கிடைக்க மாட்டார். கேட்சரின் முழங்கால்கள் முப்பதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து யாரைக் கவனிப்பது?

சாமுவேல் பசாலோ. டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த கேட்சர், இடதுகை பேட்டர். முந்தைய உரிமையாளர் காலத்தில் பல வருடம் இந்த அணி லத்தீன் அமெரிக்கப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. 2021 ஜனவரியில் 16 வயது பசாலோவுக்குக் கொடுத்த 13 லட்சம் டாலர்தான் அதுவரை அங்கே இவர்கள் கொடுத்ததிலேயே பெரிய தொகை. 2025 ஆகஸ்ட் 17-ல் மேஜர் லீகுக்கு வந்தார். அந்த வாரமே எட்டு வருடத்துக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தம். இலாயஸ் வந்த பிறகு ஒரு இளம் வீரருக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டது இதுதான் முதல் தடவை. ஹெண்டர்சனுக்கு 2023-லேயே இப்படிச் செய்திருக்கக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

பசாலோவுக்கு முதல் நாள் வந்த டிலன் பீவர்ஸையும் பாருங்கள். பந்தைத் தேர்ந்து ஆடுகிறவர்.

மறுபடி தோற்று டிராஃப்டில் முதலிடம் பிடிக்கலாமா?

முன்போல முடியாது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடத்துக்குக் குலுக்கல். கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்க ஆளுக்கு 16.5 சதவீத வாய்ப்புதான். வருவாய்ப் பகிர்வில் பணம் பெறும் அணி தொடர்ந்து மூன்றாம் வருடம் குலுக்கலில் சேரவும் முடியாது.

மைனர் லீக் ஆட்டங்களை இங்கிருந்து பார்க்க முடியுமா?

முடியும், எம்எல்பி செயலியில் சந்தா கட்டினால். நார்ஃபோக் ஆட்டமும் நமக்கு விடிகாலையில்தான். மேஜர் லீக் அளவுக்கு ரீப்ளே எதிர்பார்க்காதீர்கள். ஞாயிறு மதிய ஆட்டம் என்றால் நமக்கு இரவு பத்தரை வாக்கில் தொடங்கிவிடும்; முதலில் அதைப் பாருங்கள்.